செல்லாத குணம்

பிரேக் அக்கா என்கிற பட்டம் அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் வந்து சேர்ந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக் காரில், பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் இன்னொன்று இருக்கும். பழகுகிறவர் பதறிப்போய்க் கண்ணை மூடிக்கொள்ளும் சமயங்களில், தெருவில் போகிறவர்களின் ஆயுள் அந்த இரண்டாவது பிரேக்கில்தான் இருக்கிறது. அக்கா அதைப் பேச்சை நிறுத்தாமலே மிதிப்பாள். "ஒண்ணும் ஆகலம்மா, கண்ணைத் திற. நாய் போயிடுச்சு" என்பாள். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதி, அப்படிக் கற்றுக்கொண்டவர்கள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு அந்த ஆசையையே விட்டார்கள்.

ஒரு நாள் காலை ரவுண்டானாவைச் சுற்றும்போது ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் விஷயமே. எதிரே லாரி வரவில்லை. குறுக்கே யாரும் ஓடவில்லை. பழகிக்கொண்டிருந்த பெண் ஒழுங்காகத்தான் ஓட்டினாள். அக்காவின் நெஞ்சு மட்டும் பொறிக்குள் மாட்டிய எலி மாதிரி அங்கும் இங்கும் மோத ஆரம்பித்தது. இழுத்த மூச்சு பாதி வழியில் நின்று திரும்பிப் போனது. விரல்கள் மரத்துப்போயின. இதோ சாகப்போகிறோம் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் சேர்ந்து அவளைத் திட்டின. அவள் சாகவில்லை.

அன்றிலிருந்து அவள் எதற்கும் பிரேக் போட்டாள். பறக்கும் காகிதத்துக்குப் போட்டாள், மர நிழலுக்குப் போட்டாள், எதிர் நடைபாதையில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாகப் போன குழந்தைக்குப் போட்டாள். பழக வந்தவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒருத்தி, "அக்கா, நான் வண்டி ஓட்ட வந்தேனா, நிறுத்த வந்தேனா?" என்று நியாயமாகவே கேட்டாள்.

இதய டாக்டர் ஒருவர் எல்லாச் சோதனையும் பார்த்துவிட்டு, "இதயம் பிரமாதமா இருக்கு. பயப்படறது வேற யாரோ" என்று அனுப்பிவிட்டார்.

பயிற்சிப் பள்ளி முதலாளி நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயரை அவர் கவனமாகக் காப்பாற்றி வந்தார். "உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனசு வருமா? மன அமைதி நிலையத்துல போய்ப் பாரு. சரியாயிடுச்சுன்னு அவங்க கையால ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வா. அதுவரைக்கும் வண்டிச் சாவியை இங்க வச்சிட்டுப் போ" என்றார்.

வீட்டில் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், சாந்தசொரூபி. "மாத்திரை போட்டுக்கோ. வேலை முடிஞ்சுது" என்றார். மாத்திரை பழகிவிடும் என்றாள் நாத்தனார். அவள் தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் இருப்பவள். ஆனால், மனசு விட்டுப் பேசினால் போதுமா என்று கேட்டதற்கு அவளே, "பேசி வியாதி போகும்னா, நம்ம வீட்டுல எனக்கு ஜலதோஷம்கூட வந்திருக்கக் கூடாது" என்றும் சொல்லிவிட்டாள்.

மன அமைதிக்கான உயர் நிலையம் பெரிய கட்டடம். எல்லோரும் நிலையம் என்றே சொல்வார்கள். உள்ளே நுழைந்ததும் நீளமான கூடம். கூடத்தின் நடுவே, வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் தரையில் ஒரு மஞ்சள் கோடு. இடது பக்கம் பேச்சுப் பிரிவு: மெத்தை நாற்காலி, மங்கல் விளக்கு, தொட்டியில் செடி. வலது பக்கம் மருந்துப் பிரிவு: இரும்பு நாற்காலி, பளீர் விளக்கு, சுவரில் மூளையின் படம். இன்னும் முடிவு செய்யாதவர்கள் கோட்டின் மேல் நிற்க வேண்டும். அவர்களுக்கு நாற்காலி இல்லை.

வரவேற்பில் இருந்த பெண் நிமிராமலே கேட்டாள். "பேச்சா, மாத்திரையா?"

"என்னம்மா?"

"பேச்சா, மாத்திரையா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னால ஆள் நிக்கறாங்க."

"டாக்டர் பார்த்துட்டு எது சரின்னு சொல்வாரில்ல?"

"எந்த டாக்டர்?"

"யாராவது ஒருத்தர்."

"யாராவது ஒருத்தர்னு இங்க யாரும் இல்லைங்க. இந்தப் பக்கம் டாக்டர் இருக்காங்க, அந்தப் பக்கம் டாக்டர் இருக்கார். எந்தப் பக்கம்னு சொன்னாத்தான் டாக்டரைப் பார்க்க முடியும்."

"எந்தப் பக்கம்னு டாக்டரைப் பார்த்தாத்தானே தெரியும்?"

அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இவ்வளவு யோசிக்கிறீங்களே. அதான் உங்களுக்குப் படபடப்பு" என்றாள். பிறகு கோட்டைக் காட்டினாள்.

கோட்டில் நின்றவர்களிடமிருந்து அக்கா நிலையத்தின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டாள். பேச்சுப் பிரிவுத் தலைவி ஒரு அம்மையார். மருந்துப் பிரிவுத் தலைவர் ஒரு பெரியவர். இருவரும் சம்பந்திகள். அந்த அம்மையாரின் மகளைத்தான் அந்தப் பெரியவரின் மகன் கட்டியிருந்தான். கல்யாணப் புகைப்படத்தில் யார் நடுவில் நிற்பது என்று ஆரம்பித்த சண்டை, இத்தனை வருஷமாகியும் தீரவில்லை. மஞ்சள் கோடு அந்தக் கல்யாணத்துக்கு மறுவாரம் போட்டது. மணமக்கள் இருவரும் கண்காணாத தேசத்தில் நன்றாகவே வாழ்கிறார்கள். இரு தரப்புக்கும் அவர்கள் போன் செய்வதில்லை.

முடிவு செய்யாதவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இரண்டு பக்கமும் ஒரு தரம் உட்கார்ந்து பார்க்கலாம். கோட்டில் நின்று நின்று கால் வீங்கிய பிறகு, அக்காவுக்கு முதலில் இடது பக்கக் கதவு திறந்தது.

"வாங்க, வாங்க" என்றார் பேச்சுப் பிரிவுத் தலைவி. குரலில் தேன் வழிந்தது. "இது உங்க இடம். இங்க நீங்க பேசலாம். நான் கேட்பேன். குறுக்கிடவே மாட்டேன்."

அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். இத்தனை நாளில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. "ஒரு நாள் ரவுண்டானாவுல..." என்று ஆரம்பித்தாள்.

"ரவுண்டானா!" என்றார் தலைவி. "பார்த்தீங்களா, சுத்திச் சுத்தி அங்கேயே வர்றது. என் பொண்ணு வாழ்க்கையும் அப்படித்தான் ஆயிடுச்சு. தங்கமான பொண்ணு. ஆனா போன இடம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? அந்த ஆளு வாயைத் திறந்தா குளிகை, கேப்சூல். ஒரு மனுஷனைப் பார்த்து 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்கத் தெரியாது."

"எனக்கு மூச்சு..."

"மூச்சு முட்டும், தெரியும். எனக்கும் முட்டுது. அந்தக் கல்யாணத்துல என்னை மூணாவது வரிசையில நிக்க வச்சாங்க." தலைவி மேஜை மேல் நோயாளிகளுக்காக வைத்திருந்த காகிதக் கைக்குட்டையில் ஒன்றை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்ததை எடுக்க எட்டவில்லை. அக்கா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நேரம் முடிந்தபோது தலைவி தெளிந்த முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு ஆழமான உரையாடல் எனக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் அமைஞ்சிருக்கு. உங்களுக்கும் பாரம் இறங்கியிருக்குமே?"

அக்காவுக்கு நாக்கு வறண்டிருந்தது. மேஜை மேலிருந்த தண்ணீர்க் குவளையை எடுத்தாள்.

"ஐயையோ, குடிக்காதீங்க!" தலைவி குவளையைப் பிடுங்கினார். "ஜன்னல் வழியா அந்தப் பக்கத்து ஆளுங்க பார்த்தா, நீங்க மாத்திரை முழுங்கினதா எழுதிக்குவாங்க."

வலது பக்க அறை குளிர்ந்து கிடந்தது. மருந்துப் பிரிவுத் தலைவர் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடை?"

சொன்னாள். "ஐயா, எனக்கு நெஞ்சு..."

"பேசாதீங்க."

"இல்லைங்க, என்ன பண்ணுதுன்னா..."

"பேசாதீங்கன்னு சொல்றேன்ல. பேசி உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைச்சுட்டா, அது அவங்க கணக்குல போயிடும். எங்க மாத்திரைக்கு என்ன மரியாதை?" ஒரு கண்ணாடிப் பேழையைத் திறந்து காட்டினார். உள்ளே வெல்வெட்டின் மேல் மிளகளவு வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது. "இது வேலை செய்யச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் மனசு விட்டுப் பேசக் கூடாது. புருஷன்கிட்டயும் சேர்த்துத்தான். நடைப்பயிற்சி வேண்டாம். நல்லாத் தூங்கவும் கூடாது. தூங்கிக் குணமாயிட்டீங்கன்னு சொல்லிடுவாங்க."

"வீட்டுல நாத்தனார் பேசிட்டே இருப்பாங்களே?"

"அவங்க பேசட்டும். நீங்க கேட்டுக்காதீங்க."

அவர் பேழையை மூடும்போது விரல்கள் ஆடின. அக்கா தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள். "உங்க கை நடுங்குதுங்களே?"

"அந்த அம்மா செருப்புச் சத்தம் கூடத்துல கேட்டா அப்படித்தான்" என்றார் தலைவர். சொன்ன பிறகு திடுக்கிட்டு, "என்னைப் பேச வைக்காதீங்க!" என்று கத்தினார்.

கோட்டுக்குத் திரும்பிய அக்காவுக்கு இப்போது புதிதாக ஒரு படபடப்பு சேர்ந்திருந்தது: எந்தப் பக்கம்? சாப்பிடும்போது வந்தது, குளிக்கும்போது வந்தது. முடிவெடுக்க உதவும் அலுவலர் என்று ஒருவர் நிலையத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அவரிடம் போனாள். அவர் படிப்பை முடித்துப் புதிதாக வேலைக்கு வந்தவர், மலர்ச்சியாக இருந்தார்.

"முடிவெடுக்க முடியலைன்னு சொல்றீங்க. அருமை! அதுவே ஒரு நோய்க்குறிதான். முதல்ல அதுக்குச் சிகிச்சை எடுத்துடணும். அதுக்கப்புறம் நீங்க தெளிவா முடிவெடுத்துடுவீங்க."

"நல்லதுங்க. அதுக்கு என்ன சிகிச்சை?"

அலுவலரின் மலர்ச்சி சற்று வாடியது. "ரெண்டு இருக்கு" என்றார்.

கோட்டில் நிற்பவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டால் நிலையத்தில் தேர்வு அரங்கம் கூட்டுவார்கள். நோயாளி ஒருவரை நடுவில் உட்கார வைத்து, இரு பிரிவுத் தலைவர்களும் வாதாடுவார்கள். நிலைய இயக்குநர் தலைமை வகிப்பார். நிலையத்தில் படிக்கும் மாணவர்கள் வந்து கைதட்டுவார்கள். அந்த முறை உட்காரக் கிடைத்தவள் பிரேக் அக்கா. அரங்கத்துக்குள்ளும் மஞ்சள் கோடு நீண்டிருந்தது. நாற்காலியின் இரண்டு கால் இந்தப் பக்கம், இரண்டு கால் அந்தப் பக்கம் வரும்படி ஒரு ஊழியர் சரிபார்த்து வைத்தார்.

"எங்க பிரிவுல போன வருஷம் குணமானவங்கதான் அதிகம்" என்று தலைவி ஆரம்பித்தார்.

"பொய்! ரெண்டு தரம் வந்துட்டு அலுத்துப்போய் நின்னுட்டவங்களை எல்லாம் குணமானவங்கன்னு எழுதறாங்க" என்றார் தலைவர்.

"நீங்க செத்துப்போனவங்களையும் சேர்த்து எழுதறீங்களே!"

"செத்துப்போனவங்களுக்குப் படபடப்பு இருக்கா? இருந்தா காட்டுங்க!"

மாணவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில்தான் அக்காவின் நெஞ்சுக்குள் எலி புரண்டு எழுந்தது. மூச்சுக்காக வாயைத் திறந்தாள். காற்று உள்ளே போக மறுத்தது. நாற்காலியின் கையைப் பிடிக்கப் போனவள் பிடி தவறிக் கீழே சரிந்தாள். கட்டையைக் கீழே போட்ட மாதிரி சத்தம் கேட்டது.

அரங்கம் எழுந்து நின்றது.

"தலை எங்க பக்கம்!" என்று கூவினார் தலைவி.

"தலையா முக்கியம்? நெஞ்சு எங்க பக்கம். படபடப்பு நெஞ்சுலதானே?"

"வலது தோள் கோட்டைத் தாண்டலை, பாருங்க. அளக்கணும்!"

அளவு நாடா வந்தது. இரண்டு மாணவர்கள் மண்டியிட்டு அவளை அளந்தார்கள். நாடா மூக்கின் மேல் போனபோது அக்கா கண்ணைத் திறந்தாள். "யாராவது... தூக்கி விடுங்களேன்" என்றாள்.

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநர் தலையை ஆட்டினார். "யாரும் தொடாதீங்க. எந்தப் பிரிவு ஆள் தொட்டாலும் அந்தப் பிரிவு சேர்த்துக்கிட்டதா ஆயிடும்."

"தண்ணி..."

"குறிச்சுக்கோங்க. பேசினாங்க, அது அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. தண்ணி கேட்டாங்க, அது இந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டும் சமம். தீர்ப்பைத் தள்ளி வைக்கிறேன்" என்றார் இயக்குநர். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, "இவ்வளவு துல்லியமான நோயாளி கிடைக்கிறது அபூர்வம். நீங்க கொடுத்து வச்சவங்க" என்றார்.

அரங்கம் காலியான பிறகு, எலி தானாக அடங்கியது. அக்கா தானாக எழுந்து, புடவையைத் தட்டிக்கொண்டு, தெருவுக்கு வந்தாள்.

கடைத்தெருவில், மாடிப்படியோடு ஒட்டிய ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. மறுநாள் நாத்தனார் அவள் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா, மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டு இவர்களைப் பார்த்தார். அக்கா வாசலிலேயே தயங்கினாள்.

"எந்தப் பக்கம் உட்காரணும்?"

"காத்து எங்க வருதோ அங்க உட்காருங்க."

ரவுண்டானாவிலிருந்து ஆரம்பித்து அக்கா முழுக்கச் சொன்னாள். நடுவில் நாத்தனார் வாயைத் திறந்தபோது, "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் டாக்டரம்மா. கடைசியில், "பேச்சும் உதவும், மாத்திரையும் உதவும். சிலருக்கு ஒண்ணே போதும். உங்களுக்கு இப்போ வேலையே நின்னு போயிருக்கு. ரெண்டையும் சேர்த்தே ஆரம்பிக்கலாம். போகப் போகப் பார்த்துக்கலாம்" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உடனே சரியாகாது. பொறுமை வேணும்."

பொறுமைக்குப் பலன் இருந்தது. மாத்திரையில் முதலில் வயிற்றைப் புரட்டியது, பிறகு நின்றது. வாரம் ஒரு தரம் போய்ப் பேசினாள். பயம் வரும்போது அதோடு சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் பஸ்ஸில் வீடு திரும்பியவள், ரவுண்டானாவைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான், ரவுண்டானா வந்துபோனதையே நினைத்தாள். அன்று கணவர் கடையிலிருந்து சீக்கிரம் வந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளிக்கும் சந்தோஷம். "ரொம்ப நல்லது. சான்றிதழ்?" என்றார். டாக்டரம்மாவின் கையெழுத்தைக் காட்டினாள். அதை அவர் நகத்தால் ஓரம் தள்ளினார். "நிலையத்துல வாங்கிட்டு வாம்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா கேள்வி என்னைத்தானே கேட்பாங்க? உன் இடத்துக்கு ஒருத்தன் தினமும் வந்து நிக்கறான். நான் இன்னும் சரின்னு சொல்லல."

ஆகவே அவள் மறுபடி நிலையத்துக்குப் போனாள். இயக்குநர் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, நாடி பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். கை நடுங்கவில்லை. காதருகே பெரிய புத்தகம் ஒன்றைத் தொப்பென்று போட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"குணம் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். "எதனால?"

"ரெண்டாலயும்ங்க. மாத்திரையும் போட்டேன், பேசவும் செஞ்சேன்."

இயக்குநர் முகம் கறுத்தது. மணியை அழுத்தினார். இரு பிரிவுத் தலைவர்களும் ஆளுக்கொரு கதவு வழியாக வந்தார்கள். விஷயத்தைக் கேட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாகச் சம்பந்திகள் இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்:

"இது குணமே இல்லை."

"ஆனா நான் நல்லா இருக்கேனே?" என்றாள் அக்கா.

"அதாம்மா பிரச்சனை" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "ரெண்டும் சேர்த்துக் கொடுத்தா நிறையப் பேருக்குச் சரியாயிடும்னு எங்களுக்குத் தெரியாதா? முதல் நாள்லேருந்தே தெரியும். ஆனா யார் குணப்படுத்தினாங்கன்னு தெரியாம போயிடுமே! ஒரு நோயாளி நல்லா இருக்கிறது யாருக்கு வேணும்? அவங்களுக்கு வேணும், அவங்க வீட்டுக்கு வேணும். நிலையத்துக்கு என்ன வேணும்? பேர் வேணும். பேர் தெரியாத குணத்துக்கு நான் சான்றிதழ் கொடுத்தா, நாளைக்கு ஊருல அவனவன் தானாவே குணமாயிட்டு வந்து நிப்பான். நாங்க எங்க போறது?"

பேசிக்கொண்டே இழுப்பறையைத் திறந்து, மிளகளவு வெள்ளை மாத்திரை ஒன்றை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு தலைவியிடம், "நம்ம அஞ்சு மணிப் பேச்சு இன்னிக்கும் உண்டுதானே? காலையிலேருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். "நீங்க ரெண்டும் எடுத்துக்கறீங்களே?"

"நான் நோயாளி இல்லையேம்மா" என்றார் இயக்குநர்.

தீர்ப்பு எளிமையாக இருந்தது. இரண்டையும் நிறுத்திவிட வேண்டும். படபடப்பு பழையபடி திரும்பி வந்ததும், அது அடங்குவதற்குள் நிலையத்துக்கு வந்து காட்ட வேண்டும். பிறகு ஒரே ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, முறைப்படி குணமாக வேண்டும்.

கடைத்தெரு டாக்டரம்மா இதைக் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "சட்டுனு நிறுத்தவே கூடாதும்மா. இது கொலைபாதகம்."

"வேலை போயிடும் டாக்டர்."

"என் கையெழுத்தை உங்க முதலாளி ஏத்துக்கமாட்டாரா?"

"மாட்டார்."

டாக்டரம்மா தன் பேனாவை மூடி வைத்தார்.

அக்கா இரண்டையும் நிறுத்தினாள். வீடு காத்திருந்தது. தினமும் காலையில் கணவர் கடைக்குக் கிளம்பும்போது கேட்பார்: "வந்துதா?"

"இல்லைங்க."

"கவலைப்படாதே, வந்துடும். நல்லதையே நினைச்சுக்கோ."

நாத்தனார் தன்னால் ஆனதைச் செய்தாள். பின்னாலிருந்து திடீரென்று தட்டைக் கீழே போட்டுப் பார்த்தாள். விபத்துச் செய்திகளை உரக்கப் படித்துக் காட்டினாள். விடுமுறை நாளில் ரவுண்டானாவுக்கே கூட்டிப்போய், நடுவில் நிற்க வைத்து, "ஏதாவது பண்ணுதா?" என்று ஓரத்திலிருந்து கேட்டாள். "காத்து நல்லா வருது" என்றாள் அக்கா குற்ற உணர்ச்சியோடு. அக்கம்பக்கத்தார்கூட மாடிப்படியில் பார்த்தால், "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பயிற்சிப் பள்ளியில், தினமும் வந்து நின்றவனை முதலாளி ஒரு நாள் உட்காரச் சொல்லிவிட்டார் என்று செய்தி வந்தது.

மறுநாள் மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவரின் சட்டையில் இரண்டாவது பொத்தானைப் போடும்போது, விரல் மரத்தது. சட்டை கையிலிருந்து நழுவியது. நெஞ்சு ஒரு தரம் தடுக்கி விழுந்தது. பிறகு ஓட ஆரம்பித்தது. காற்றைத் தேடிச் சுவரைப் பிடித்தாள். சாகப்போகிறோம் என்று மறுபடியும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

நாத்தனார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகம் பூவாய் விரிந்தது. "அண்ணா!" என்று அலறினாள். "அண்ணா, வந்துடுச்சு!"

சாப்பிட வந்திருந்த கணவர் கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய் டாக்சி பிடித்தார். படியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், அக்கா கையைப் பிடித்துக் குலுக்கி, "எனக்குத் தெரியும், உங்க நல்ல மனசுக்கு வராம போகாது" என்றார். அவளைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அவள் கண்கள் பிதுங்கின, உதடு வெளுத்தது, கணவரின் முழங்கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். பழக்கத்தில், டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி, மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடப் பார்த்தாள்.

கணவர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார்.

"அப்படி மூச்சு விடாதேம்மா" என்று கெஞ்சினார். "நிலையம் போறதுக்குள்ள சரியாயிடப் போகுது."